ஸ்டின்யா வத்ரா: இது விழாவா, ஊர் திரும்புதலா?

மலைவண்டி:

கிழக்கு ஐரோப்பிய விழாக்கள் பற்றிய இழையில் "ஸ்டின்யா வத்ராவை விட்டுவிடாதீர்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அது எங்கே இருக்கிறது, யாருடைய விழா என்று கேட்டவர்களுக்காக இந்தத் தனி இழை.

போலந்தின் தென்கிழக்கில், ஸ்லோவாக்கிய எல்லையை ஒட்டி, தாழ் பெஸ்கிட் என்று ஒரு மலைத்தொடர். கார்ப்பாத்தியன் மலைகளிலேயே குள்ளமான பகுதி. அங்கே லெம்கோ என்ற கிழக்கு ஸ்லாவிய மக்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்தார்கள். ஆடு மாடு, ஓட்ஸ் பயிர், மரத்தால் கட்டிய கிறிஸ்தவக் கோயில், சொந்தப் பேச்சு. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். இன்று அந்த மலையில் இருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

வருடா வருடம் ஜூலையில், ஒரு வார இறுதியில், ஸ்டின்யா என்ற சின்னக் கிராமத்துப் புல்வெளியில் இவர்கள் கூடுகிறார்கள். முதல் நாள் பெரிய தீ மூட்டி விழாவைத் தொடங்குவார்கள். வத்ரா என்பது அந்தத் தீதான். மேடையில் பாட்டு, ஆட்டம். கீழே கூடாரங்கள், கார்கள், வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். கிராகோவிலிருந்து நான் போனேன். என்னைக் கூட்டிப்போனது அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர். அவர் பிறந்து வளர்ந்தது லெக்னிட்சா பக்கம், அதாவது நாட்டின் மறுகோடி, நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் "ஊருக்குப் போறேன்" என்றுதான் லீவு கேட்பார்.

எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கலாசார விழா என்ற பட்டியலில் போடுவதே சரியில்லை. பாட்டும் ஆட்டமும் ஒரு சாக்கு. ஊரை விட்டு விரட்டப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் வருடத்தில் மூன்று நாள் அந்த ஊரை நிரப்பிக் காட்டுகிறார்கள். நடப்பது அதுதான்.

சோறுதண்ணி:

வரலாறெல்லாம் அப்புறம். என்ன சாப்பிட்டீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

மலைவண்டி:

ஃபுச்கி! புளித்த முட்டைக்கோஸை மாவில் கலந்து எண்ணெயில் வார்த்து எடுப்பது. பக்கத்தில் பூண்டு போட்ட புளிப்புப் பாலேடு. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே புளிப்பு. நம்மூர் அடை சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு ஒரு தடங்கலும் இல்லை. கிசெலிட்சா என்று ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கஞ்சி ஒன்று. ஏழைச் சாப்பாடு. மலையில் கோதுமை விளையாது, ஓட்ஸ்தான் விளையும், அதனால்தான். அதைச் சிரித்துக்கொண்டே விழுங்க எனக்கு வரவில்லை. ஒரு பாட்டி நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார், தப்பிக்க வழியில்லை.

தவிட்டுக்குருவி:

சைவம் கிடைக்குமா?

மலைவண்டி:

ஃபுச்கி, உருளைக்கிழங்கு வைத்த பிரோகி (நம்மூர் கொழுக்கட்டை மாதிரி), பாலாடைக்கட்டி வைத்த பிரோகி. தாராளமாக. மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவிவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பழைய பேப்பர்:

மலைவண்டி "விரட்டப்பட்டவர்கள்" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் விழாவே புரியாது.

இரண்டு தடவை விரட்டினார்கள். 1944க்கும் 1946க்கும் நடுவில், போலந்துக்கும் சோவியத் உக்ரைனுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, போலந்திலிருந்து, உக்ரேனியர் என்று கணக்கில் வைக்கப்பட்ட நாலே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். லெம்கோக்களில் பெரும்பகுதி அதிலேயே போயிற்று. மிச்சம் இருந்தவர்களுக்கு 1947. அந்த மார்ச் 28ம் தேதி போலந்து ஜெனரல் கரோல் ஷ்வியெர்செவ்ஸ்கி உக்ரேனியக் கிளர்ச்சிப்படையின் பதுங்கல் தாக்குதலில் இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 28ல், 'விஸ்லா நடவடிக்கை' தொடங்கியது. ஜெனரல் செத்ததால்தான் இது நடந்தது என்று அரசு சொன்னது. ஆனால் ஒரு மாதத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு முளைக்காது. திட்டம் முன்பே இருந்தது, அந்தச் சாவு தோதாக வந்து சேர்ந்தது.

சுமார் 1,40,000 பேர். கிளர்ச்சியாளர்களுக்கு உதவியவர், உதவாதவர் என்ற பாகுபாடே கிடையாது. படை கிராமத்தைச் சுற்றி வளைக்கும், மூட்டை கட்டச் சில மணி நேரம், பிறகு மாட்டையும் ஏற்றிக்கொண்டு சரக்கு ரயில். இறக்கிவிட்டது ஜெர்மானியர்கள் காலி செய்துபோன மேற்கு, வடக்கு மாவட்டங்களில். ஒரே இடத்தில் கூட்டமாகக் குடியேற்றக் கூடாது, எந்த ஊரிலும் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கணக்கு. கரைந்துபோக வேண்டும் என்பதுதான் நோக்கம். சந்தேகப்பட்டவர்களை யாவோஷ்னோ முகாமில் அடைத்தார்கள். நாஜிகள் காலத்தில் ஆஷ்விட்ஸின் துணை முகாமாக இருந்த அதே இடம்.

1949ல் வந்த ஆணை ஒன்று இவர்கள் விட்டுப்போன நிலத்தையும் காட்டையும் அரசுடைமை ஆக்கியது. 1956க்குப் பிறகு கெடுபிடி தளர்ந்து சில குடும்பங்கள் திரும்பின. பலர் தங்கள் சொந்த வீட்டையே காசு கொடுத்து வாங்கினார்கள்.

ரெண்டாவது டீ:

வரலாறு சரி, மறுக்கவில்லை. ஆனால் மலைவண்டி உணர்ச்சிவசப்படுகிறார் என்று தோன்றுகிறது. ஐரோப்பா முழுக்க இந்த மாதிரி ஸ்லாவிய விழாக்களைப் பார்த்தாயிற்று. செக் நாட்டு மொராவியாவில் ஸ்ட்ராஷ்னிட்சே 1946லிருந்து நடக்கிறது. ஸ்லோவாக்கியாவில் விகோட்னா 1953லிருந்து. கம்யூனிஸ அரசுகளுக்கு இவை ரொம்பப் பிடிக்கும். பூப்போட்ட சட்டை, சுழன்றாடும் பாவாடை, அரசியல் பேசாத கிராமத்தான். போலந்தே 1948ல் 'மஸோவ்ஷே' என்று அரசுக் கலைக்குழு ஒன்றைத் தொடங்கி உலகமெல்லாம் அனுப்பியது. நடன ஆசிரியர் வரிசை கட்டிச் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தைப் பாரம்பரியம் என்று விற்றார்கள். வத்ராவில் மட்டும் என்ன வேறு? மேடை, மைக், குழு, கைதட்டல். மூன்று நாள் உடுப்பு மாட்டிக்கொண்டு ஆடிவிட்டு நாலாவது நாள் மேற்குப் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் போலிஷ் பேசிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மொழி இதில் பிழைக்குமா?

கருவேலங்காடு:

+1. பண்பாட்டை மேடையேற்றுவது அதன் சாவுக் காரியத்துக்குக் கூடும் முதல் கூட்டம்.

மலைவண்டி:

@ரெண்டாவது டீ, மேடை எனக்கும் பெரிதாகப் படவில்லை. உண்மையைச் சொன்னால் மேடைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றிருந்தால் அதிகம். நான் பார்த்துக்கொண்டிருந்தது கூடாரங்களை.

ஒருவர், நாற்பது வயதிருக்கும், தோளில் சூஹா போட்டிருந்தார். பழுப்புக் கம்பளி அங்கி, முதுகில் தொங்கும் அகலமான கழுத்துப்பட்டி, அதன் ஓரமெல்லாம் வெள்ளைக் குஞ்சம். இதைக் கைநுழைத்துப் போடும் வழக்கமில்லை, தோளில் போர்த்துவதுதான். கைப்பகுதியின் முனையைத் தைத்து மூடிவிடுவார்கள், அதுதான் பை. அவர் அந்தக் கைக்குள் கைவிட்டுத் துழாவி முதலில் கார் சாவி, அப்புறம் போன், கடைசியில் ஒரு மடித்த தாள் என்று எடுத்தார். தாளில் கையால் வரைந்த கிராமப் படம். ஒவ்வொரு வீட்டுக்கும் குடும்பப் பெயர். பக்கத்துக் கூடாரத்துக் கிழவர் ஒருவரிடம் அதை நீட்டினார். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடை இருந்ததா, இல்லை வீட்டுக்குப் பின்னாலா? அதுதான் கேள்வி. அரை மணி நேரம் வாக்குவாதம். இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு பெண் கழுத்திலிருந்து தோள் வரை விரிந்த மணிப்பட்டியோடு, கிரிவுல்கா என்பார்கள், குனிந்து படத்தில் ஒரு வீட்டின் பெயரை அடித்துத் திருத்தினார்.

அந்த ஊரில் இப்போது வீடே கிடையாது. இதை எந்த நடன ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பழைய பேப்பர்:

ஸ்ட்ராஷ்னிட்சேயோடு வத்ராவை ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது. அவை அரசின் ஆசியோடு நடந்தவை. முதல் வத்ரா 1983ல், சார்னா என்ற கிராமத்தில். ராணுவச் சட்டம் இருந்த காலகட்டம் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது லெம்கோக்கள் தங்கள் பெயரில் தனிச் சங்கம் வைத்துக்கொள்ள முடியாது. 1956ல் அரசு அனுமதித்தது உக்ரேனியர்களுக்கான ஒரே ஒரு சங்கம்தான், அதற்குள் ஒரு பிரிவாக இருந்துகொள்ளலாம். அந்தச் சூழலில் எவர் தயவும் இல்லாமல் மலைக்குப் போய்த் தீ மூட்டினார்கள். இடம் மாறி மாறி நடந்து 1990லிருந்து ஸ்டின்யாவில் நிலைத்தது. அதே 1990 ஆகஸ்டில்தான் போலந்து செனட் விஸ்லா நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதாவது விழாதான் முந்திக்கொண்டது.

(சார்னா வேறு, சார்னே வேறு. இரண்டும் ஒரே வட்டாரம்தான், குழம்பிவிட வேண்டாம். சார்னேயில் ஊரே போய்விட்டது. அதன் மரக்கோயில் இப்போது நோவி சோன்ச் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.)

வன்னிமரம்:

மலைவண்டி அண்ணை, அந்தக் கையால வரைஞ்ச படம் பற்றி வாசிச்சபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டன். எங்கட வீட்டிலும் அப்படியொன்று இருக்கு. ஒரு கேள்வி: அந்தக் காலி வீடுகளில் வந்து குடியேறின போலிஷ் சனத்துக்கும் இவைக்கும் இப்ப எப்படி? விழா நாளில முறைப்பு ஏதும் இருக்கா?

மலைவண்டி:

நான் பார்த்தவரை இல்லை. சாப்பாட்டுக் கடை போட்டிருந்தவர்களில் போலிஷ்காரர்களும் உண்டு. வாகனம் நிறுத்தத் தன் வயலைக் கொடுத்த பெரியவரும் போலிஷ்தான், வாடகையோடு. பல ஊர்களில் யாருமே வந்து குடியேறவில்லை, அது வேறு விஷயம். தாழ் பெஸ்கிட் மண்ணும் குளிரும் வந்தவர்களில் பலரை ஓட வைத்துவிட்டது.

ராடோசினா, ட்லுகியே, நியெஸ்நாயோவா மாதிரி காலியான கிராமங்களில் ஒன்று வைத்திருக்கிறார்கள். புல்வெளி நடுவில் தனியாக ஒரு மரக்கதவு. சுவரில்லை, கூரையில்லை, கதவும் நிலையும் மட்டும். அதில் அந்த ஊரின் கதை எழுதியிருக்கும். சுற்றிலும் ஆளில்லாத பழ மரங்கள், சாலையோரம் கல் சிலுவைகள். ஆப்பிள் மரம் வரிசையாக நின்றால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று கூட வந்தவர் சொல்லித்தந்தார். அப்புறம் காடு முழுக்க அந்த வரிசைகளாகவே கண்ணில் படுகிறது.

கருவேலங்காடு:

ஈழத்தோடு ஒப்பிட ஆரம்பித்தால் இழை எங்கேயோ போய்விடும். ஏற்கெனவே ஒரு முறை பட்டிருக்கிறோம்.

திண்ணைக்காவல் (மட்டுறுத்துநர்):

யாரும் ஒப்பிடவில்லை, அவர் கேள்வி கேட்டார், பதில் கிடைத்தது. தொடரலாம். தலைப்பில் நில்லுங்கள்.

பொன்னிக்கரை:

எனக்கு ஒரு சந்தேகம். சிலர் லெம்கோக்கள் உக்ரேனியரே என்கிறார்கள். சிலர் ருசின் என்ற தனி இனம் என்கிறார்கள். விழாவை நடத்துவது யார்? உள்ளுக்குள் சண்டை இல்லையா?

பழைய பேப்பர்:

சண்டை உண்டு, நன்றாகவே உண்டு. வத்ராவை நடத்துவது லெம்கோ ஐக்கியம் என்ற அமைப்பு. உக்ரேனியச் சார்பு. லெக்னிட்சாவை மையமாகக் கொண்ட லெம்கோ சங்கம் தனி இனம் என்ற கட்சி. அவர்கள் தங்களுக்கென்று 'அந்நிய மண்ணில் வத்ரா' என்று மேற்கே மிஹாவூஃபில் நடத்துகிறார்கள். ஸ்டின்யாவுக்குப் பக்கத்து நகரமான கோர்லிட்சேயில் உள்ள ருஸ்கா பூர்சா, 1908ல் மாணவர் விடுதியாகத் தொடங்கியது, அதுவும் ருசின் பக்கம்தான். போதாததற்கு மதமும் இரண்டு: கிரேக்கக் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ். ஸ்டின்யாவில் பிறந்த மக்சிம் சண்டோவிச் என்ற ஆர்த்தடாக்ஸ் பாதிரியாரை 1914 செப்டம்பரில், அப்போது அந்தப் பகுதியை ஆண்ட ஆஸ்திரியர்கள் ரஷ்ய ஆதரவாளர் என்று கோர்லிட்சேயில் சுட்டுக் கொன்றார்கள். 1994ல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். அதே காலத்தில் நூற்றுக்கணக்கான லெம்கோக்களை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பக்கத்துத் தாலர்ஹோஃப் முகாமில் அடைத்தார்கள். அந்தக் காயத்தை யார் எப்படி நினைக்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது இன்றைய பிளவு.

போலந்துச் சட்டம் 2005ல் லெம்கோக்களைத் தனி இனச் சிறுபான்மை என்று அங்கீகரித்தது. அதற்காக உக்ரேனியர் என்று நினைப்பவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டு பக்கமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

ரெண்டாவது டீ:

அந்தச் சட்டத்தின்படி அரசு மானியம் வருகிறது இல்லையா? விரட்டிய அரசே விழாவுக்குக் காசு கொடுக்கிறது. காட்டைத் திருப்பிக் கொடுத்ததா? பெரும்பாலும் இல்லை. என் வாதம் இங்கேதான் நிற்கிறது. நிலம் கேட்பவனுக்கு மேடை கொடுத்தால் செலவு மிச்சம்.

மலைவண்டி:

இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். நிலத்துக்கு ஈடாக விழா என்று அரசு கணக்குப் போட்டால் அது மோசடி. ஆனால் காசு வாங்குகிறவன் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டான் என்று எப்படிச் சொல்வீர்கள்? அங்கே மைக்கிலேயே 1947 பேசுகிறார்கள். அரசு ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

பழைய பேப்பர்:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிரினிட்சா என்ற ஊரில் நிகிஃபோர் என்ற லெம்கோ ஓவியர் இருந்தார். தெருவோரம் உட்கார்ந்து சிகரெட் அட்டையிலும் நோட்டுத் தாளிலும் வரைந்தவர், பேச்சு திருத்தமாக வராது. இன்று உலகம் அறிந்த ஓவியர். அவரையும் 1947ல் வெளியேற்றினார்கள், அவர் மறுபடி மறுபடி திரும்பி வந்துவிட்டார். அதிகாரிகள் 1962ல் அவருக்கு நிகிஃபோர் கிரினிட்ஸ்கி என்று ஒரு பெயரை ஒட்டவைத்தார்கள். அவருடைய உண்மையான லெம்கோப் பெயர் எபிஃபானி ட்ரோவ்னியாக். அவர் செத்து முப்பத்தைந்து வருடம் கழித்து, 2003ல், அந்தப் பெயரை நீதிமன்றத்தில் மீட்டது இதே லெம்கோ ஐக்கியம்தான். விழா நடத்துகிறவர்கள் வழக்கும் நடத்துகிறார்கள். வெறும் மேடைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

ரெண்டாவது டீ:

இது தெரியாது. நல்ல தகவல். ஆனால் மொழி பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பொன்னிக்கரை:

நான் முயல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை லெம்கோ என்று பதிந்தவர்கள் 2002ல் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2011ல் பத்தாயிரத்தைத் தாண்டியது. கொஞ்சம் கணக்கெடுத்த முறை மாறியதால், இரண்டு அடையாளம் சொல்லலாம் என்று விட்டார்கள். ஆனால் சொல்லத் துணிந்ததும் உண்டுதானே. கோர்லிட்சேயிலிருந்து 'லெம் எஃப்எம்' என்ற இணைய வானொலி லெம்கோ மொழியில் ஓடுகிறது. பியெலான்கா கிராமத்தில் ஊர்ப் பலகை போலிஷ், லெம்கோ இரண்டு எழுத்திலும் இருக்கிறது, ஸ்டின்யாவிலும்தான். இதெல்லாம் வத்ராவால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1983ல் யாரும் தீ மூட்டாமல் இருந்திருந்தால் 2002ல் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க எத்தனை பேருக்குத் தைரியம் வந்திருக்கும்?

ரெண்டாவது டீ:

பதிந்தவர்கள் எண்ணிக்கை வேறு, வீட்டில் பேசுகிறவர்கள் எண்ணிக்கை வேறு. உங்கள் கூட்டாளி தன் பிள்ளைகளிடம் எந்த மொழியில் பேசுகிறார், மலைவண்டி?

மலைவண்டி:

போலிஷ்தான். பாட்டியோடு போனில் பேசும்போது மட்டும் லெம்கோ. பிள்ளைகளுக்குப் பாட்டு தெரியும், பேச்சு அரைகுறை. ஆனால் ஒன்று, விழாவில் அவருடைய பெண், பத்து வயது, வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களுக்குப் புரியக் கூடாத விஷயத்தைப் பேச அந்த அரைகுறையைத்தான் பயன்படுத்தினாள். பெரியவர்களுக்கு நன்றாகவே புரிந்தது, கண்டுகொள்ளாதவர்கள் மாதிரி இருந்தார்கள். அவளுடைய தோழி ஒருத்தி உக்ரைனின் மொனாஸ்டிரிஸ்காவிலிருந்து வந்தவள். 1945ல் கிழக்கே அனுப்பப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கேயும் வருடாவருடம் லெம்கோ விழா நடத்துகிறார்கள். உக்ரைனில் ரஷ்யப் போர் தொடங்கிய பிறகு அவள் அம்மாவோடு போலந்துக்கு வந்துவிட்டாளாம்.

பழைய பேப்பர்:

நியூயார்க் மாநிலத்தில் எல்லென்வில்லிலும் ஒரு லெம்கோ வத்ரா உண்டு. அமெரிக்காவுக்குப் போன பழைய கூட்டத்தின் பிள்ளைகள். அந்த வழியில்தான் ஆண்டி வார்ஹோலும் வருகிறார். பெற்றோர் ஸ்லோவாக்கியப் பக்கத்து மிகோவா கிராமத்து ருசின்கள். மெட்சிலபோர்ட்சேயில் 1991லிருந்து அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டின்யா வரை போகிறவர்கள் எல்லை தாண்டி எட்டிப் பார்க்கலாம்.

தவிட்டுக்குருவி:

நானும் என் தங்கையும் அடுத்த ஜூலையில் கிராகோவ் வருகிறோம். எப்படிப் போவது, எங்கே தங்குவது? கார் கிடையாது.

மலைவண்டி:

கிராகோவிலிருந்து கோர்லிட்சேக்குப் பேருந்து உண்டு, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோர்லிட்சேயில் இறங்கினால் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றுங்கள். உலகின் முதல் மண்ணெண்ணெய்த் தெருவிளக்கு 1854ல் எரிந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கிருந்து ஸ்டின்யா முப்பது கிலோமீட்டர் சுமார். வார இறுதியில் சிற்றூர்ப் பேருந்தை நம்ப வேண்டாம், டாக்ஸியோ, விழாவுக்குப் போகிற யாருடைய காரோ. கூடாரம் கொண்டுவந்தால் புல்வெளியிலேயே போடலாம். இரவு ஜூலையிலும் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். மழை வந்தால் புல்வெளி முழங்கால் சேறு. போகிற வழியில் க்வியாதோன் மரக்கோயிலில் நிறுத்தச் சொல்லுங்கள், 2013ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பதினாறு கார்ப்பாத்தியன் மரக்கோயில்களில் ஒன்று. கூரை முதல் சுவர் வரை மரச் சில்லு.

ரெண்டாவது டீ:

நானும் வருகிறேன். கருத்து மாறவில்லை, நேரில் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம் என்றுதான். கூடாரம் மூன்று பேர் படுக்கிற அளவு என்னிடம் இருக்கிறது. தவிட்டுக்குருவியும் தங்கையும் அதை எடுத்துக்கொள்ளட்டும், நான் மலைவண்டி கூடாரத்தில் ஒண்டிக்கொள்கிறேன்.

சோறுதண்ணி:

அந்தக் கஞ்சிப் பாட்டி கடை எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைவண்டி:

மேடைக்கு வலது பக்கம், இரண்டாவது வரிசை. ஆனால் ஃபுச்கி போடுவதும் அதே பாட்டிதான்.